பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு இரண்டு வரி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் ஆபீஸ் நண்பன் பிரவீனும் வந்துவிட்டுப் போனதிலிருந்து இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னாய். இரண்டு முறை முயன்று பார்த்தேன். இரண்டு முறையும் நடுவில் உன் அம்மா புகுந்து, நான் சொல்வதில் பாதி தப்பு என்று திருத்த ஆரம்பித்துவிட்டாள். அதனால் பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். ஊர் நூலகத்தில் இருபது வருடம் பகுதி நேர வேலை பார்த்தவன், எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும். இதைப் படிக்க உனக்குப் பொறுமை இருக்குமா என்பது வேறு விஷயம். சிறுசேரிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து படி. அந்த நெரிசலில் எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

வருகிற புதன்கிழமை பத்திர ஆபீசில் மேல்கழனி, கீழ்க்கழனி இரண்டையும் உன் பெயருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். என் இடது முழங்கால் வரப்பில் ஏறி இறங்க மறுத்து ஒரு வருடம் ஆகிறது. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, கால் என்றால் தேயும். நிலம் உன்னுடையது ஆன பிறகு அதில் என்ன போடுவது, போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் உன் இஷ்டம். அதற்கு முன்னால் நீ அன்றைக்குக் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இன்னாப்பா, மேல்கழனி விளைச்சல்ல பாதிகூட வரல, இன்னும் ஏன் கீழ்க்கழனில அந்தக் களர் நெல்லையே போட்டுகினு கீற?" என்று கேட்டாய். "பழக்கம், போடுறேன்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

நீங்கள் இருவரும் ஒரு ஒப்பந்தத்தையும் போனில் காட்டினீர்கள். நம் களர் நெல் முழுவதையும் பிரவீன் தொடங்கப் போகிற கம்பெனி வாங்கிக்கொள்ளும். நல்ல விலை. அதை அழகான பாக்கெட்டில் போட்டு விற்கப் போகிறீர்கள். அதற்கு நாம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்த நெல்லையோ விதையையோ வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. "அது சும்மா ஒரு கண்டிஷன்பா, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றாய். பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடிக்கப் பிரவீன் எழுதி வைத்திருந்ததையும் படித்துக் காட்டினாய். 'நான்கு தலைமுறைகளாக ஒரே குடும்பம் இடைவிடாமல் காத்த அரிய நெல், எங்கள் வயலில் மட்டுமே.' இதைவிட நன்றாக இரண்டு வரி இருந்தால் எழுதிக் கொடுங்கள் அங்கிள் என்று பிரவீன் மரியாதையாகக் கேட்டான். நல்ல பையன். ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று தப்பு இருக்கிறது. அது அவன் தப்பு இல்லை, உனக்கே தெரியாத கதை அது.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு கீழ்க்கழனிப் பக்கம் போனதே இல்லை. மேல்கழனி ரோட்டை ஒட்டி இருக்கிறது, போர் தண்ணீர் நல்ல தண்ணீர். அதில் சொர்ணவாரி, நவரை இரண்டு பட்டத்துக்கும் குள்ள ரகம் போடுகிறேன். வெள்ளை அரிசி, நிறைய விளையும், வீட்டுக்கும் விற்பனைக்கும் அதுதான். புது ரகத்தை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. உன் காலேஜ் படிப்பே அதில் வந்ததுதான். கீழ்க்கழனி கதை வேறு. அது உப்பங்கழிக்கு இரண்டு வரப்பு தள்ளி இருக்கிறது. கோடையில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். மழை பிந்தினால் கழித் தண்ணீர் வரப்புக்கு அடியில் கசிந்து உள்ளே வரும். புயல் வந்தால் வரப்புக்கு மேலேயே வரும். அங்கே சம்பா பட்டத்தில் ஒரு போகம்தான், அதுவும் களர் நெல்தான். புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது. உப்பு மண்ணில் வருவதால் நம் ஊரில் அப்படிச் சொல்கிறோம். ஆள் இடுப்புக்கு மேல் வளரும், அரிசி சிவப்பு, மோட்டா.

கல்யாணமான புதிதில் நான் இந்த நெல்லை விட்டுவிடத்தான் பார்த்தேன். யார் சொல்லியும் கேட்கவில்லை. மேல்கழனியில் விளைவது கீழ்க்கழனியில் ஏன் விளையாது என்று குள்ள ரகத்தைக் கொண்டுபோய் நட்டேன். முதல் வருடம் நல்ல மழை, உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது, நெல் நன்றாக விளைந்தது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இரண்டாம் வருடம் சுமார். மூன்றாம் வருடம் கார்த்திகையில் புயல் அடித்துக் கழித் தண்ணீர் உள்ளே வந்து நான்கு நாள் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பயிர் முழுவதும் நுனியிலிருந்து கருகி வைக்கோல் நிறத்தில் கிடந்தது. பக்கத்துக் கழனிகளில் களர் நெல் போட்டவர்களுக்குப் பாதி போய்ப் பாதி நின்றது. அந்தப் பாதியை அவர்கள் அறுத்தார்கள். நான் அறுக்க ஒன்றும் இல்லை. அடுத்த சம்பாவுக்கு எங்கள் சித்தப்பா வீட்டில் களர் நெல் விதை வாங்கிப் போட்டேன். ஆக, பிரவீன் எழுதிய 'இடைவிடாமல்' அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இவ்வளவுதான் காரணம் என்றால் நீ கேட்ட அன்றே சொல்லியிருப்பேன். மண் அப்படி, அதனால் நெல் இப்படி. கூடவே வைக்கோலையும் சொல்லியிருப்பேன். குள்ள ரகத்தை மெஷின் அறுத்துத் துண்டு துண்டாகத் துப்பிவிட்டுப் போகும், நம் மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். களர் வைக்கோல் நீளம், போர் போட்டால் வருடம் தாங்கும். கோவளத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் ரஹீம் பாய் நோன்புக் கஞ்சிக்கு இந்தக் குருணைதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார், கஞ்சி கொழகொழவென்று சேர்ந்து வருமாம். அதையும் சொல்லியிருப்பேன். இவை எல்லாம் உண்மைதான். ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் வேறு. உண்மையான பதிலைச் சொன்னால் நான் செய்த ஒரு கேவலமான காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீ பத்தாவது படித்த வருடம். அப்போதுதான் நகரத்தில் பழைய நெல் ரகங்களுக்கு மவுசு வர ஆரம்பித்தது. அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் தேடி வந்து பத்து கிலோ சிவப்பரிசி வாங்கிப்போனார். அடுத்த மாதம் இன்னும் நான்கு பேரை அனுப்பினார். நான் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். அதற்குள் நம் பக்கத்தில் பலர் கீழ்க்கழனிகளை மனைக்காரர்களுக்கு விற்றிருந்தார்கள், சிலர் சவுக்கு நட்டிருந்தார்கள், சித்தப்பா வீட்டாரும் நிலத்தை விட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் களர் நெல் விதை என் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.

அந்த ஆடியில் எத்திராஜ் வந்தார். நம் தெருக்காரர், கழியோரமாகவே தெற்கே வெகுதூரம் தள்ளிக் கழனி வைத்திருக்கிறவர், நீ மாமா என்று கூப்பிடுகிற அதே எத்திராஜ். அவர் இரண்டு வருடமாகக் குள்ள ரகம் போட்டு உப்பில் இழந்திருந்தார். "அண்ணாத்த, ரெண்டு மரக்கா களர் நெல்லு வெதைக்குக் குடு. அறுத்ததும் நாலா குடுத்துடறேன்" என்றார். நம் பக்கத்து முறை உனக்குத் தெரியாமல் இருக்கலாம். விதை நெல்லை யாரும் விற்பதில்லை. கேட்டவருக்குக் கொடுப்போம், அறுவடை ஆனதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார்கள். இல்லை என்று சொல்வது வழக்கமே இல்லை. நான் சொன்னேன். "வெதைக்கே பத்தாம கீது எத்திராஜ், இந்த வருஷம் எலி பூந்துடுச்சி" என்று வாய் கூசாமல் சொன்னேன். எத்திராஜ் உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

தை மாதம் அறுத்தோம். களர் நெல் சுமாராகத்தான் விளைந்தது. ஒரு மூட்டையை விதைக்கு நிறுத்திக்கொண்டு மீதி அத்தனையையும் குத்தி அணுபுரத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இங்கேதான் என் புத்திசாலித்தனம் வருகிறது. விதை மூட்டைக்கு வைக்கோலைக் கயிறாகத் திரித்த பிரியால் வாய் கட்டுவோம், சாப்பாட்டு மூட்டைக்குச் சணல். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், வீட்டில் யாரும் பிரி கட்டிய மூட்டையைத் தொடமாட்டார்கள். அந்த வருடம் நான் புது பிளாஸ்டிக் கோணிகள் வாங்கினேன். நாலு பேர் கார் வைத்துக்கொண்டு வந்து பார்க்கிற வீடு ஆகிவிட்டதே, வைக்கோல் பிரி என்ன, நாகரிகம் இல்லாமல் என்று எல்லா மூட்டையின் வாயையும் ஒரே மாதிரி ஊசியால் தைத்துவிட்டேன். மேல்கழனி நெல், கீழ்க்கழனி விதை, எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. எது எது என்று எனக்குத் தெரியாதா என்ன!

பங்குனியில் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவித்துக் குத்த இரண்டு மூட்டையை ரஹீம் பாய் மில்லில் இறக்கினேன். பாய் அப்போதே கேட்டார், "அண்ணாத்த, எல்லா கோணியும் ஒரே மாரி கீதே. வெதை மூட்டை எதுனா கலந்துகினு வந்துடுச்சா, ஒரு தபா பிரிச்சுப் பாத்துடேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வூட்டு மூட்டை எனக்குத் தெரியாதா பாய்? நீ ஊற வை" என்றேன். இரண்டு நாள் கழித்து அரிசி எடுக்கப் போனேன். பாய் முறத்தில் கொஞ்சம் அள்ளி என் முன்னால் வைத்தார். ஒரு மூட்டை வெள்ளை. இன்னொன்று சிவப்பு.

நான் அந்த முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு முறை அவித்த நெல் முளைக்காது. நம் பக்கத்தில் இருந்த கடைசி விதையை நானே கொண்டுவந்து இறக்கி, நானே ஊற வைக்கச் சொல்லி, அவித்து, அரிசி ஆக்கியிருந்தேன். பாய் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மற்றவர் யாரும் பார்க்காதபடி சிவப்பரிசியைத் தனி மூட்டையில் கட்டித் தந்தார். அந்தக் கோடை முழுவதும் நம் வீட்டில் சிவப்புச் சோறு. உனக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சை நேரத்தில் தினமும் ஏன் இந்தச் சோறு என்று தட்டைத் தள்ளிவிட்டாய். நான் உன்னை அதட்டினேன். நீ தள்ளிவிட்டது விதை நெல் என்று அப்போது உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு மாதம் சைக்கிளில் அலைந்தேன். திருப்போரூர் பக்கம், கழியின் அந்தக் கரை என்று போகாத இடம் இல்லை. களர் நெல்லா, அதெல்லாம் விட்டு எத்தனையோ வருஷமாச்சே என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வைகாசி முடிகிற நேரம், ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா சாதாரணமாகச் சொன்னாள், "எத்திராஜ் வூட்ல போயி கேளுங்க."

"அவன்கிட்ட ஏது? நான்தான் இல்லைன்னு அனுப்பிட்டேனே."

"நீங்க இல்லைன்னு சொன்ன அன்னிக்கு சாயங்காலமே பின்பக்கமா கூப்ட்டு ரெண்டு மரக்கா அளந்து குடுத்தேன். இத்தினி நாள் தானா தெரியும்னு பாத்துகினு இருந்தேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமலா என்று குதித்தேன். அடுத்த நிமிடமே விதை இருக்கிறது என்ற சந்தோஷம் வந்து, அதற்குப் பின்னால் வெட்கம் வந்தது. மூன்றும் சேர்ந்து வந்தால் மனிதன் என்ன செய்வான்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நம் வீட்டுக்கும் எத்திராஜ் வீட்டுக்கும் நடுவில் ஏழு வீடுதான். அன்றைக்கு அந்தத் தெரு முடியவே இல்லை.

எத்திராஜ் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாத்த, வழி தெரிஞ்சுதா நம்ம வூட்டுக்கு?" என்றார். நான், களர் நெல் விதை கொஞ்சம் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். வாயில் வைக்கோல் பிரி கட்டியிருந்தது. "எட்டு மரக்கா கீது. நாலு ஒங்களுக்கு நான் தர வேண்டியது, நாலு நானா சேத்து வச்சது. ஒன் கழனிக்குப் பத்தும், எடுத்துகினு போ." நான் அவருக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன். "நீ இன்னாத்தக் குடுக்கறது? இது ஒங்க வூட்டு நெல்லு. ஒண்ணுக்கு ரெண்டா திருப்பிக் குடு, ஆனா அவருக்குத் தெரியாம குடுன்னு அக்கா சொல்லிச்சி. தெரியாம எப்டி மூட்டைய தூக்கியாறதுன்னு நானும் தையிலேர்ந்து ரோசனை பண்ணிகினு கீறேன். நல்ல வேளை, நீயே வந்துட்ட" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. எலி புகுந்ததாகச் சொன்னதைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. பிரவீன் எழுதிய 'ஒரே குடும்பம்' அங்கே அடிபட்டுப் போகிறது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், எதற்காக எனக்குத் தெரியாமல் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் நெல்லை முறத்தில் கொட்டிக் கல் பார்த்தபடியே சொன்னாள். "ஒரே வூட்ல இருந்தா எலி தின்னாலும் போச்சி, நெருப்பு வுழுந்தாலும் போச்சி. நீங்க தின்னாலும் போச்சி. நாலு வூட்ல இருந்தா எங்க போவும்?"

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். நாங்கள் ஏன் இன்னும் இதைப் போடுகிறோம் என்றால், அடுத்தவர் கழனியில் உப்பு ஏறும் வருடத்தில் அவர் வந்து கேட்பார். நம் கழனியில் ஏறினால் நாம் போய்க் கேட்போம். கேட்கிற இடத்தில் நெல் இருக்க வேண்டும் என்றால் யாராவது வருடா வருடம் விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு வருடம் மூட்டையில் கிடந்தால் நெல் முளைப்பதை மறந்துவிடும். பாரம்பரியம், பெருமை என்றெல்லாம் நீங்கள் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் உழும்போது எனக்கு அது நினைவுக்கு வந்ததில்லை. எத்திராஜுக்கும் வந்திருக்காது.

இப்போது உங்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 'எங்கள் வயலில் மட்டுமே' என்று பிரவீன் போனில் படித்தபோது எனக்குக் காது அடைத்தது. அது என் வாயில் ஒரு காலத்தில் இருந்த வார்த்தை. அவனுக்கு அது நல்ல விளம்பரம், உனக்கு அது சும்மா ஒரு கண்டிஷன். நெல்லுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நான் முறத்தில் பார்த்திருக்கிறேன். நீங்கள் அரிசியை விற்பதை நான் தடுக்கவில்லை. நன்றாக விற்றால் கீழ்க்கழனியை மனை போடாமல் வைத்திருக்க உனக்கு ஒரு காரணம் கிடைக்கும், அதில் எனக்கும் லாபம்தான். புதன்கிழமைக்குப் பிறகு நிலமும் உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது.

ஆனால் புதன்கிழமை வரை விதை என்னுடையது. அதனால் நேற்று நானும் உன் அம்மாவும் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தோம். நம் தெருவில் இரண்டு வீடு, கழிக்கு அந்தக் கரையில் மூன்று வீடு, எல்லாம் உப்பில் அடிபட்ட கழனிக்காரர்கள். ஆளுக்கு நான்கு மரக்கால் அளந்து கொடுத்துவிட்டு வந்தோம். இந்த முறை முன்வாசல் வழியாகவே கொடுத்தோம். உன்னைக் கேட்காமல் செய்தது நியாயமா என்றால், நியாயம் இல்லை. பெற்ற பிள்ளையின் வியாபாரத்தில் கட்டையைப் போடுவது எந்த அப்பனுக்கும் அழகில்லை. கோபம் வந்தால் சனிக்கிழமை வா, உன் அம்மா வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன் என்கிறாள், சாப்பிட்டுவிட்டுத் திட்டு. உனக்கு வேண்டிய விதை உள் அறையில் தனியாக இருக்கிறது. தேட வேண்டியதில்லை, வாயில் வைக்கோல் பிரி கட்டியிருக்கிறேன்.

பிரவீன் பாக்கெட்டுக்கு இரண்டு வரி கேட்டான். யோசித்து எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் போடச் சொல்.

'இந்த நெல் எத்திராஜ் வீட்டிலிருந்து வந்தது.
விதைக்குக் கேட்டால் கொடுப்போம்.'

இப்படிக்கு,
அப்பா